கிட்ட கிட்ட இருந்தா கேலக்ஸி மின்னுமா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன கிழமை விஞ்ஞானப் பக்கத்துல கேலக்ஸிக் (கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் சேந்த பெரிய தொகுதி) கூட்டங்களப் பத்திப் போட்டிருந்தீங்க, தமிழ்ல இப்பிடி விஷயம் வாறதே குறைவு, பெரிய நன்றி. ஆனா கேலக்ஸிகள் நெருங்கி இருந்தா பிரகாசம் கூடும் எண்டு முடிச்சிட்டீங்களே, அது பாதிக் கதைதான் ஐயா, ஏஎல் பிஸிக்ஸ் படிக்கிற புள்ளையள் அப்பிடியே நம்பிருங்கள்.

கூடுறது உண்மை. 1.2 கோடி ஒளியாண்டு (ஒளி ஒரு வருஷத்துல போற தூரம் ஒரு ஒளியாண்டு) தூரத்துல இருக்கிற எம்82 எண்ட கேலக்ஸிய பக்கத்துக் கேலக்ஸி எம்81ட ஈர்ப்பு இழுத்துக் குழப்பினதால வாயு எல்லாம் நடுவுக்கு வந்து நெருங்கி புது நட்சத்திரம் குவிய குவியப் பிறக்குது, அதால நாம இருக்கிற பால்வெளிக் கேலக்ஸிய விட அஞ்சு மடங்கு வெளிச்சம். மறுகா என்ன நடக்கும் எண்டுதான் நீங்க எழுதல்ல. நட்சத்திரம் பிறக்கக் குளிர்ந்த வாயு வேணும், நெருக்கத்துக்குள்ள முதல்ல பறிபோறதும் அதுதான். பெரிய கேலக்ஸிக் கூட்டங்கள்ல, அதாவது கொத்துகள்ல, கேலக்ஸிகளுக்கு இடையில கோடிக்கணக்கான பாகை சூட்டுல மெல்லிசா வாயு பரவிக் கிடக்கு, அதுக்குள்ளால ஒரு கேலக்ஸி செக்கனுக்கு ஆயிரம் கிலோமீற்றர் அளவு வேகத்துல போகக்குள்ள, கல்லடிப் பாலத்துல சைக்கிள் ஓடக்குள்ள முகத்துல அடிக்கிற காத்து மாதிரி எதிர்த்து அடிச்சு அதுட வாயுவக் கழட்டிப் போடும். விண்ணியல் ஆய்வாளர்கள் ஜேம்ஸ் கன், ரிச்சர்ட் காட் ரெண்டு பேரும் 1972லயே இதக் கணக்குப் போட்டுக் காட்டிட்டாங்க. பெரிய நீல நட்சத்திரங்களுக்கு ஆயுசு குறைவு, புதுசும் பிறக்காட்டி மிஞ்சிறது சிவந்த பழசுகள், வெளிச்சம் இறங்கிரும். ஆனா அதே கூட்டத்துல நடுவுல இருக்கிற கேலக்ஸி மத்ததுகள விழுங்கிப் பெரிசாகும், கன்னி ராசிப் பக்கம் தெரியிற கன்னிக் கொத்துல எம்87 எண்ட கேலக்ஸி அப்பிடித்தான்.

படத்துக்கும் ஒண்டு சொல்லணும். விண்ணியல் ஆய்வாளர் ஸ்டீபன் 1877ல கண்ட அஞ்சு கேலக்ஸிப் படத்தப் போட்டிருந்தீங்க, அதுல பெரிசா வடிவாத் தெரியிற என்ஜிசி 7320 எண்ட கேலக்ஸி அந்தக் கூட்டத்து ஆளே இல்ல, 4 கோடி ஒளியாண்டுல முன்னுக்கு நிக்குது, மத்த நாலும் கிட்டத்தட்ட 29 கோடியில. அதுட வெளிச்சத்துக்குக் காரணம் நெருக்கம் இல்ல, நமக்குக் கிட்ட நிக்கிறதுதான்.

அடுத்த முறை படத்துக்குக் கீழ தூரத்தயும் போடுங்க ஐயா. சித்திரையில ராவு 11 மணி போல கன்னிக் கொத்து நம்மட மட்டக்களப்புக்கு உச்சிக்குக் கிட்ட வரும், லைட் இல்லாத கடற்கரையில சின்ன டெலஸ்கோப்பாலயே எம்87 மங்கலாத் தெரியும், அதத் தேடிப் பிடிக்கிறது எப்பிடி எண்டு ஒரு பக்கம் எழுதினா புள்ளையளுக்குப் பெரிய உதவி.

இப்படிக்கு,
கல்லடி வாசகி ஒருவர்,
மட்டக்களப்பு