அம்மாவின் தலையில் இருந்த கட்டி

அன்புள்ள மகளுக்கு,

போனில் நீ அழுததிலிருந்து மனசு கேட்கவில்லை. மண்டையோட்டில் புற்றுநோய் என்றதும் மூளைக்குள் வந்துவிட்டதாக நினைத்துவிட்டாய். அப்படி இல்லையம்மா.

அம்மாவின் பின்னந்தலையில் இருந்ததே, கொழுப்புக்கட்டி என்று சொன்னார்களே, அதுதான். எண்ணெய் தேய்த்துவிடும்போது தொட்டுப் பார்த்தேன். மெத்தென்று இருந்தது, வலி இல்லை. ஆனால் விரலுக்கடியில் நாடி போலத் துடித்தது. ஊசியால் எடுத்துப் பார்த்தால் உள்ளே தைராய்டு செல்கள்! கழுத்தில் இருந்த சின்ன வீக்கம்தான் மூலம். தைராய்டு புற்றுநோயில் ஃபாலிக்குலர் என்று ஒரு வகையாம். இது ரத்தத்தின் வழியாக நுரையீரலுக்கும் எலும்புக்கும் போகும். மண்டையோட்டுக்கு வருவது அபூர்வம். எலும்பை அரித்திருக்கிறது, மூளையைத் தொடவில்லை.

எலும்புவரை வந்ததை முழுசாகக் குணப்படுத்துவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உன்னிடம் மறைக்க மாட்டேன். ஆனால் இந்த செல்கள் எங்கே போனாலும் பெரும்பாலும் தைராய்டின் குணத்தை விடாதாம், அயோடினை உறிஞ்சுமாம். அதனால்தான் கதிரியக்க அயோடின்; அதை உறிஞ்சும் செல்களை அதன் கதிர்வீச்சே அழித்துவிடும். 1940களிலிருந்தே கொடுத்துவரும் வைத்தியம். உறிஞ்சினால் பல வருஷம் கட்டுக்குள் வைக்கலாம். சிலருக்குப் பல தடவை கொடுக்க வேண்டியிருக்கும். முதலில் ஆபரேஷன் செய்து தைராய்டை முழுக்க எடுப்பார்கள். அது இருந்தால் மருந்தையெல்லாம் அதுவே இழுத்துக்கொள்ளும். அப்புறம், மிச்ச செல்கள் மருந்தை நன்றாக இழுக்கட்டும் என்று, கொஞ்ச நாள் அயோடின் சேர்க்காத உப்பு. மீன், முட்டை, பால் கிடையாது. தைராய்டு மாத்திரையும் இல்லாமல் இருப்பதால் சோர்வும் குளிரும் படுத்தும்.

நீ ஆபரேஷனுக்கு வா. அயோடின் கொடுக்கும்போது மட்டும் வேண்டாம். தனி அறையில்தான் வைப்பார்கள். அந்தக் கதிர்வீச்சு பாதியாகக் குறையவே எட்டு நாள் ஆகும். வயிற்றில் இருக்கும் பிள்ளையை அது பாதிக்கலாம். எப்போது பக்கத்தில் வரலாம் என்று டாக்டரே சொல்வார், அதுவரை வீடியோவில் பேசு. அம்மாவும் இதையேதான் சொன்னாள்.

எல்லாம் முடிந்ததும் தினமும் தைராக்சின் என்ற அந்தத் தைராய்டு மாத்திரையைப் போட வேண்டும், ஆயுசுக்கும். காலையில் வெறும் வயிற்றில் போட்டு, அரை மணி நேரமாவது கழித்துத்தான் காபி. எழுந்ததும் காபி இல்லாமல் அம்மாவுக்கு ஓடாது. அதை நீ தினமும் போன் பண்ணிக் கேள், நீ சொன்னால் கேட்பாள்.

அன்புடன்,
அப்பா