பெட்டைக் குதிரைக்கு மூன்று மணி நேரம்தான் கெடு

தமிழ்நாடு கால்நடைப் பராமரிப்புத் துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

மாடு கன்று போட்டு, நஞ்சுக்கொடி விழ அரை நாள் ஆனாலும் நம் ஊரில் பெரிதாக யாரும் பதறுவதில்லை. அந்தப் பொறுமை குதிரைக்கு ஆகாது. குட்டி போட்ட மூன்று மணி நேரத்துக்குள் கொடி விழுந்தாக வேண்டும். தாண்டினால் கருப்பையில் கிருமி பெருகி, நஞ்சு ரத்தத்தில் ஏறி, கடைசியில் குளம்புக்குள் அழற்சி கண்டு குதிரை நிற்கவே முடியாமல் போகலாம்.

இதற்கு முதல் மருந்து, கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் ஊசி. 10 முதல் 20 யூனிட், இடைவெளி விட்டு, கால்நடை மருத்துவர் போட வேண்டியது. ஒரேயடியாக ஏற்றினால் குதிரை வயிற்று வலியில் புரளும். கொடியைக் கையால் இழுப்பது கூடவே கூடாது. விழுந்த கொடியையும் அப்படியே புதைத்துவிடாமல் தரையில் விரித்துப் பார்க்க வேண்டும். கால்சட்டை போல இரண்டு கிளை இருக்கும். குட்டி வளராத சின்னக் கிளையின் நுனிதான் பெரும்பாலும் கிழிந்து உள்ளே தங்கிவிடும்.

பால் கறக்க மாடுகளுக்குக் கண்டபடி போட்டதில் இந்த ஊசிக்குக் கெட்ட பெயர். 2018-ல் மத்திய அரசு தனியார் தயாரிப்புக்கே தடை விதித்தது. அந்த டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் குதிரை பெரும்பாலும் ராத்திரியில்தான் குட்டி போடும். அந்த நேரத்தில் மருத்துவர் கையிலாவது மருந்து இருக்க வேண்டாமா? குதிரை வளர்ப்பவர்கள் உள்ள வட்டாரங்களில் மருந்தகக் குளிர்பெட்டியிலும், 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் கால்நடை மருத்துவ ஊர்தியிலும் இருப்பை உறுதி செய்யுங்கள்.

அப்புறம், குட்டி. தாயின் நஞ்சுக்கொடி வழியாக அதற்கு நோய் எதிர்ப்புச் சக்தி வருவதில்லை, எல்லாம் சீம்பாலில்தான். அதைக் குடல் உறிஞ்சுவது முதல் 24 மணி நேரம் மட்டும். தாய் துவண்டு கிடந்தால் அந்த நேரம் வீணாகப் போய்விடும். மறுநாள் குட்டியின் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் டெசிலிட்டருக்கு 800 மில்லிகிராமாவது இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை வசதியை மாவட்டத்துக்கு ஓர் இடத்திலாவது தாருங்கள்.

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு மார்வாரி, கத்தியவாரி குதிரைகள் வருகின்றன. வாங்குகிறவர், விற்கிறவர் எல்லாரும் கூடும் அங்கேயே இவற்றை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்து, சினைப்பெட்டை வாங்குபவரிடம் மருத்துவரின் எண்ணையும் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
குதிரை வளர்ப்பவர்களில் ஒருவன்,
ஈரோடு மாவட்டம்