பிள்ளைகள் குடிக்கும் தண்ணீரில் ஈயம்: ஒன்ராறியோவின் சட்ட எல்லை இன்னும் பத்து மைக்ரோகிராமில் நிற்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நான் ரொறன்ரோவின் ஸ்காபரோவிலுள்ள சிறுவர் பராமரிப்பு நிலையமொன்றில் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பணிபுரிபவள். காலையில் நிலையத்தைத் திறக்கும் முறை எனக்கு வரும் நாட்களில், விளக்கைப் போட்ட கையோடு செய்கிற முதல் வேலை, குழாய் வரிசையின் கடைசியிலிருக்கும் சமையலறைக் குழாயை முழுதாகத் திறந்து ஐந்து நிமிடம் ஓட விடுவதுதான். பிறகு நடைபாதையிலுள்ள குடிநீர்க் குழாயையும் குழந்தைகள் அறைக் குழாயையும் பத்துப் பத்து விநாடி ஓடவிட்டு, திகதி, நேரம், என் பெயர் மூன்றையும் கொப்பியில் எழுதி வைப்பேன். அண்மையில் ஒரு நாள், கதவு திறக்க முன்னரே பேத்தியோடு வந்து நின்ற பெரியவர் ஒருவரைக் குளிருக்காக உள்ளே கூப்பிட்டு இருத்தினேன். தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, “ஏன் பிள்ளை, இப்பிடி வீணாய் ஓட விடுறியள்?” என்று கடிந்துகொண்டார். பெற்றோர் பலரும் இதையேதான் கேட்கிறார்கள். குழாய்நீரின் ஆய்வு முடிவு என்ன என்று கேட்டவர் இத்தனை ஆண்டுகளில் ஒருவர்கூட இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

குழாயை ஓட விடுவது எங்கள் நிலையத்தின் வழக்கமன்று, சட்டம். நமது மாகாணத்தின் வோக்கர்ட்டன் ஊரில் 2000ஆம் ஆண்டு குழாய்நீர் மாசடைந்து ஏழு பேர் இறந்த பின்னர், 2002இல் ஒன்ராறியோ பாதுகாப்பான குடிநீர்ச் சட்டத்தை இயற்றியது. 2007இல் லண்டன் நகரத்தின் (நமது ஒன்ராறியோ லண்டனைத்தான் சொல்கிறேன்) பழைய வீடுகளில் ஈயம் மிகுதியாகக் காணப்பட்டதை அடுத்து, அதே சட்டத்தின் கீழ் பாடசாலைகளுக்கும் சிறுவர் பராமரிப்பு நிலையங்களுக்குமான 243/07 இலக்க ஒழுங்குவிதி வந்தது. 1990 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் பொருத்தப்பட்ட குழாய்கள் உள்ள கட்டடமென்றால் நாள்தோறும், எல்லாமே அதற்குப் பிந்தியவை என்றால் வாரம் ஒருமுறை, குழாய்களை இவ்வாறு ஓடவிட வேண்டும். எங்கள் நிலையம் பழைய தேவாலயமொன்றின் நிலக்கீழ்த் தளத்தில் இயங்குவதால் எங்களுக்கு நாள்தோறும்.

நகரசபை அனுப்பும் தண்ணீரில் ஈயம் இல்லையென்றே சொல்லலாம். ஈயம் அதில் வந்து சேர்வது கட்டடத்தின் வாசலிலும் உள்ளேயும்தான். கனடாவின் தேசிய குழாய்ப்பணி விதிக்கோவை 1975 வரை ஈயக் குழாய்களை அனுமதித்தது. செப்புக் குழாய்களின் மூட்டுகளைப் பற்றவைக்கும் ஈயப் பற்றாசு அதற்குப் பின்னரும் பத்தாண்டுக்கு மேல் நீடித்தது. பழைய பித்தளைக் குழாய்களிலும் ஈயம் கலந்திருக்கும். இரவு முழுதும், அதைவிட வார இறுதியிலும் கோடை விடுமுறையிலும், அசையாமல் நிற்கிற தண்ணீர் அதைச் சிறிது சிறிதாகக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. வயிற்றுக்குள் போகிற ஈயத்தில் பெரியவர்கள் உறிஞ்சுவதைப்போல் நான்கைந்து மடங்கைச் சிறு பிள்ளையின் உடல் உறிஞ்சிக்கொள்கிறது. கல்சியம் என்று ஏமாந்து அதை எலும்பில் சேர்த்தும் வைக்கிறது. மூளை வளர்ச்சியைப் பாதிக்காத அளவு என்று ஒன்று இதுவரை கண்டறியப்படவில்லை.

ஆய்வு எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் முடிவுப் பத்திரத்தை வாசிக்க முடியும். குறைந்தது ஆறு மணி நேரம் எவரும் தொடாத குழாயிலிருந்து முதலில் வரும் ஒரு லீற்றர் தண்ணீரைப் பிடிப்பார்கள். அது நின்ற நீர் மாதிரி. பிறகு ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அரை மணி நேரம் பொறுத்து, இன்னொரு லீற்றர் பிடிப்பார்கள். அது ஓடவிட்ட நீர் மாதிரி. வெயில் காலத்தில் ஈயம் கூடுதலாகக் கரையும் என்பதால் மே மாதத்துக்கும் ஒக்டோபர் மாதத்துக்கும் இடையில்தான் இது செய்யப்படும். முன்பு ஒரு கட்டடத்துக்கு ஒரு குழாயைச் சோதித்தாலே போதுமென்றிருந்தது. 2017இல் செய்யப்பட்ட திருத்தம், குடிக்கவும் சமைக்கவும் பயன்படும் ஒவ்வொரு குழாயையும் சோதிக்க வேண்டுமென்றும், சிறு பிள்ளைகள் உள்ள இடங்களில் அதை 2020 ஜனவரி 1ஆம் திகதிக்குள் முடிக்க வேண்டுமென்றும் கட்டாயப்படுத்தியது. இது அரசு செய்த நல்ல காரியம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒரே கட்டடத்தில் ஒரு குழாய் சுத்தமாகவும் பத்தடி தள்ளியிருக்கும் குழாய் மோசமாகவும் இருப்பது சாதாரணம்.

எங்கள் நிலையத்திலும் அப்படித்தான் இருந்தது. 2018இல் எல்லாக் குழாய்களையும் சோதித்தபோது, குழந்தைகளுக்குப் பால்மா கரைக்கிற குழாயில் ஓடவிட்ட நீரிலேயே லீற்றருக்கு 6 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது. ஒன்ராறியோவின் எல்லை 10. “சட்டப்படி தேறிவிட்டது” என்று சொல்லி நிர்வாகம் பத்திரத்தைக் கோப்பில் போட்டது. மறு ஆண்டு மார்ச் மாதம் மத்திய அரசின் சுகாதாரத் திணைக்களமான ஹெல்த் கனடா தனது வழிகாட்டல் அளவை 10இலிருந்து 5ஆகக் குறைத்தபோது, அதே தண்ணீர், அதே பத்திரம், ஒட்டாவாவிலுள்ள மத்திய அரசின் கணக்கில் கூடாததாகவும் குயின்ஸ் பார்க்கிலுள்ள மாகாண அரசின் கணக்கில் நல்லதாகவும் ஆகிவிட்டது. அந்தக் குழாய் கடைசியில் மாற்றப்பட்டது, ஆனால் ஈயத்துக்காக அன்று, ஒழுகத் தொடங்கியதால். கழற்றிய குழாய்த்தலைப்பின் சல்லடையை பிளம்பர் என் உள்ளங்கையில் தட்டிக் காட்டினார்: கடுகளவும் இல்லாத சாம்பல் நிறத் துகள்கள். எல்லாமே ஈயமாக இருந்திராது, துருவும் மணலும் கலந்திருக்கும். இருந்தாலும் அந்தச் சல்லடையை அதற்கு முன் யாரும் கழற்றிக் கழுவியதாக எனக்கு நினைவில்லை. புதுக் குழாயின் ஆய்வு முடிவு 1க்கும் கீழே வந்தது. செலவு ஒரு குழாயும் பிளம்பரின் ஒரு மணி நேரமும்தான்.

கியூபெக் மாகாணம் தன் சட்ட எல்லையை 5 ஆக்கிவிட்டது. 2019 நவம்பரில் கொன்கோர்டியா பல்கலைக்கழகத்தின் புலனாய்வு இதழியல் நிறுவனமும் நாடெங்குமுள்ள ஊடகங்களும் சேர்ந்து குழாய்நீர் ஈயத்தைப் பற்றி வெளியிட்ட தொடர் அன்று பெரிதாகப் பேசப்பட்டது. அடுத்த வசந்தத்தில் கோவிட் வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. ஒன்ராறியோ பத்திலேயே நிற்கிறது. 10ஐத் தாண்டினால் மாகாண அமைச்சுக்கும் பொதுச் சுகாதாரப் பிரிவுக்கும் உடனே அறிவிக்க வேண்டும். திருத்த நடவடிக்கை எடுக்க வேண்டும். எங்கள் பால்மாக் குழாயைப்போல் ஆறிலும் ஏழிலும் ஒன்பதிலும் இருக்கும் குழாய்களுக்கு அந்தக் கட்டாயம் எதுவுமில்லை. எல்லையை ஐந்துக்குக் கொண்டுவந்திருந்தால், எங்கள் நிர்வாகம் குழாய் ஒழுகும்வரை காத்திருந்திருக்காது. நம் தொகுதிகளின் மாகாணசபை உறுப்பினர்கள் கோயில் திருவிழாவுக்கும் பொங்கல் விழாவுக்கும் வரும்போது இதை முகத்துக்கு நேரே கேட்கலாம்.

அந்தப் பெரியவரிடம் திரும்புகிறேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “எங்கட சின்னவனை ஒரு வீட்டில விடுறம், நம்மட ஆக்கள்தான். அவை கொதித்தாறின தண்ணிதான் குடுக்கினம், பயமில்லை.” எனக்கு அந்த இடத்தில் பகீரென்றது. ஊரில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் கிணற்று நீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துக் குடிக்கும்படி நமக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கினார்கள்; அது கிருமிகளுக்குச் சரியான மருந்து. ஈயம் கொதிக்கக் கொதிக்க எங்கும் போவதில்லை, தண்ணீர் வற்ற வற்ற அது செறிந்துதான் போகும். கெதியாகக் கொதிக்கட்டும் என்று சுடுதண்ணீர்க் குழாயிலிருந்தே கேத்திலை நிரப்புகிற பழக்கம் இன்னும் மோசம், ஏனென்றால் சுடுநீர் ஈயத்தைக் கூடுதலாகக் கரைக்கும். மேலும், 243/07 ஒழுங்குவிதி பாடசாலைகளுக்கும் உரிமம் பெற்ற நிலையங்களுக்கும்தான். நம் தாய்மாரும் பெரியம்மாமாரும் தங்கள் வீடுகளில் நான்கைந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடங்களில் குழாயைச் சோதிக்க எவரும் வரமாட்டார்கள்.

அவருக்கு நான் சொன்னது இவ்வளவுதான். அந்த வீட்டில் காலையில் முதல் தண்ணீரை ஓடவிட்டு, குளிர்நீர்க் குழாயிலிருந்து மட்டும் குடிக்கவும் சமைக்கவும் எடுக்கச் சொல்லுங்கள். குழாயின் சல்லடையைக் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள். வடிகட்டி வாங்குவதென்றால் பெட்டியில் ஈயத்தைக் குறைக்கும் என்றும் என்.எஸ்.எஃப். 53 தரம் என்றும் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள், ஏனெனில் வெறும் குளோரின் மணத்தை எடுக்கும் வடிகட்டிகளும் அதே அலுமாரியில் அதே நிறத்தில் இருக்கும். பேத்தி வருகிற எங்கள் நிலையத்தைப் பற்றி அறிய வேண்டுமானால், குழாய்வாரியான முடிவுப் பத்திரத்தைக் கேளுங்கள். நின்ற நீர், ஓடவிட்ட நீர் இரண்டுக்குமுரிய எண்களைக் கேளுங்கள். பாடசாலைகளினதும் நிலையங்களினதும் முடிவுகளை மாகாண அரசே பெயரோடு இணையத்தில் போட்டிருக்கிறது, மகளிடம் சொல்லிப் பார்க்கலாம். அவர் தன் மேலங்கிப் பையிலிருந்து ஒரு பழைய பற்றுச்சீட்டை எடுத்து, அதன் பின்பக்கத்தில் “53” என்று எழுதிக்கொண்டு போனார்.

இப்படிக்கு,
சிறுவர் பராமரிப்பு நிலையப் பணியாளர் ஒருவர்,
ஸ்காபரோ