விதை பாக்கெட்டில் தேதி எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருச்சி புறநகரில் எங்கள் நகருக்குப் பூங்காவென்று ஒதுக்கிய மனை, சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. ஊராட்சியில் கேட்டு, வெட்டிச் சுத்தம் செய்து, சுற்றுவட்ட வீட்டுப் பெண்கள் சேர்ந்து காய்கறி போடுகிறோம். பந்தலில் புடலை, பீர்க்கு, பாகல், வேலியோரம் அவரை, நடுவில் வெண்டையும் கொத்தவரையும். தண்ணீர் ஒரு வீட்டு போரிலிருந்து வருகிறது, கரண்டு பில்லைப் பங்கு போட்டுக்கொள்கிறோம். காய் பறிக்கும் நாளில் யாருக்கு எவ்வளவு என்று வரும் சண்டை தனிக் கதை.

நான் எழுத வந்தது விதையைப் பற்றி. போன ஆடியில் வாங்கிய வெண்டை பாதிக்கு மேல் முளைக்கவே இல்லை. "தண்ணி அதிகமா விட்டிருப்பீங்கம்மா" என்றார் கடைக்காரர். அதே தண்ணீரைக் குடித்த கொத்தவரை பக்கத்துப் பாத்தியில் வரிசை தப்பாமல் வந்திருந்தது. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் பளபளவென்று வெண்டைக்காய்ப் படமும் விலையும்தான். எப்போது சோதித்தது, எதுவரை செல்லும் என்று ஓர் எழுத்தில்லை.

விதைச் சட்டம் 1966இலேயே வந்துவிட்டது. அரசு அறிவித்த ரகங்களை விற்பவர், ரகம், குவியல் எண் (லாட் நம்பர்), சோதித்த நாள், முளைப்புத்திறன் எல்லாம் உறையில் போட்டாக வேண்டும். வெண்டை குறைந்தது 65 விழுக்காடு முளைக்க வேண்டும்; பாகல், புடலைக்கு 60; கத்தரி, தக்காளிக்கு 70. சோதித்த நாளிலிருந்து 9 மாதம்தான் கணக்கு. அதற்குப் பிறகு விற்பதென்றால் மறுபடி சோதிக்க வேண்டும்.

இருபது முப்பது ரூபாய் சமாச்சாரத்துக்கு இவ்வளவா என்று கேட்பவர்கள் பட்டம் பார்த்து விதைத்தவர்களாக இருக்க மாட்டார்கள். முளைக்காது என்று தெரியவே பத்து நாள் ஆகும். வேறு விதை தேடி ஊன்றி, அது இலை விட இன்னும் பத்து நாள். ஆடி முதலில் ஊன்றிய வெண்டை ஆவணிக் கடைசியிலேயே காய்க்கத் தொடங்கி, ஐப்பசி அடைமழைக்குள் போட்ட காசை எடுத்துக் கொடுத்துவிடும். கொடிகளும் அதற்குள் பந்தலேறி நிலைத்துவிடும். பிந்தி முளைத்தது இளஞ்செடியாகவே மழையில் மாட்டி, வேரழுகிப் போகும். எங்கள் பாகல் அப்படித்தான் போனது.

விதைத் திருவிழாக்களில் நாட்டு விதை விற்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நான் உங்கள் கட்சிதான். எங்கள் அவரை உங்களிடம் வாங்கியதுதான். ஆனால் எந்த மாதம் எடுத்த விதை என்று பேனாவால் எழுதித் தருவதில் என்ன கஷ்டம்? வெங்காய விதையெல்லாம் ஒரு வருஷம் தாண்டினாலே சோர்ந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

விதை ஆய்வாளர்கள் ஆனி மாதமே கிளம்பி, பெரிய விதைக் கடைகளோடு நர்சரிகளையும் பொருட்காட்சி ஸ்டால்களையும் ஒரு சுற்று பார்க்க வேண்டும். மூட்டையைப் பிரித்துக் கட்டும் சிறு பாக்கெட்டிலும் சோதித்த தேதி இருக்க வேண்டும். அதுவரை என்னைப் போன்றவர்கள் பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து வைத்து, ஆறேழாவது முளைக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பாத்தியில் இறங்குவதே நல்லது. ஆண்டுதோறும் ஆனியில் இந்த முளைப்புத்திறன் அளவுகளை ஒரு சிறு கட்டத்தில் தங்கள் நாளிதழ் வெளியிட்டால், அதைக் கத்தரித்துக் கடைக்கு எடுத்துப் போவோம்.

இப்படிக்கு,
வாசகி, திருச்சி