சைக்கிளைச் சுவரில் தொங்கவிட வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அடுக்குமாடி வீடுகளில் இடத்தை மிச்சம் பிடிப்பது பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில், சைக்கிளைச் சுவரில் கொக்கி போட்டு மாட்டச் சொல்லியிருந்தீர்கள். படத்தில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நம் வீடுகளுக்கு அது சரிப்படுமா? வாடகை வீட்டில் காலண்டருக்கு ஆணி அடித்தாலே உரிமையாளர் முகம் மாறிவிடும். சுவரைத் துளைத்து ஆங்கர் போல்ட் முடுக்க யார் விடுவார்? சொந்த வீடாகவே இருந்தாலும் உள்சுவர் பெரும்பாலும் நாலரை அங்குலச் செங்கல் சுவராகவோ ஹாலோ பிளாக்காகவோ இருக்கிறது, போல்ட் உறுதியாகப் பிடிக்குமா என்பது சந்தேகம். பழைய மாடல் கறுப்பு சைக்கிள் ஏறக்குறைய 20 கிலோ வரும். அதைத் தினமும் மார்பு உயரத்துக்குத் தூக்கி மாட்ட ஏழாம் வகுப்புப் பிள்ளையாலும் முடியாது, மூட்டு வலிக்காரராலும் முடியாது. மழைக்காலத்தில் சேற்று டயர் சுவரில் போடும் கோலத்தைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

தரையில் வைக்கும் ஸ்டாண்டை நாமே செய்துகொள்ளலாம் என்பதுதான் என் யோசனை. பழைய சைக்கிள்களில் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் ஸ்டாண்டு இருந்தது, கவலையில்லை. இப்போது வரும் கியர் சைக்கிள்கள் பலவற்றில் ஸ்டாண்டே கிடையாது. இருந்தாலும் ஒற்றைக்கால் சைடு ஸ்டாண்டு. மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து வைத்தால் ஒன்றின் பெடல் அடுத்ததன் ஸ்போக்ஸ் கம்பிக்குள் மாட்டிக்கொள்ளும். வலப்பக்கமாக விழுந்தால் பின்சக்கரத்தில் தொங்கும் கியர் மாற்றும் கருவி முதலில் அடி வாங்கும். அது மாட்டியிருக்கும் சின்னத் துண்டு வளைந்துவிட்டால் கியர் சரியாக விழாது.

எந்த ஸ்டாண்டும் சரி என்று நினைத்துவிடக் கூடாது. பள்ளிகளிலும் கடை வாசல்களிலும் முழங்காலுக்குக் கீழே முடிந்துவிடும் கம்பி ஸ்டாண்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அவை சக்கரத்தின் அடிப்பகுதியை மட்டும் கவ்வுகின்றன. யாராவது லேசாக இடித்தால் மொத்த சைக்கிளின் பாரமும் பிடித்திருக்கும் அந்தக் கொஞ்ச இடத்தில் இறங்கும். சக்கரத்தில் கோட்டம் விழுவதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது. டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிள் என்றால் சக்கரத்தின் நடுவில் உள்ள பிரேக் தட்டு நெருக்கமான கம்பிகளுக்குள் உரசி வளையவும் வாய்ப்பு உண்டு. பணம் கொடுத்து வாங்கும் ஸ்டாண்டுகளிலும் இந்த ரகம் நிறைய இருக்கிறது.

ஆகவே சக்கரத்தைக் கீழேயும் பிடிக்க வேண்டும், மேலேயும் பிடிக்க வேண்டும். கீழ்ப்பிடிக்கு, ஒரு அங்குல உயரமுள்ள இரண்டு சட்டங்களைத் தரையில் இணையாக வைத்து நடுவே 9 அங்குல இடைவெளி விடுங்கள். 26 அங்குலச் சக்கரம் இதற்குள் இறங்கினால் தரையைத் தொடாமல் கால் அங்குலத்துக்கும் குறைவான உயரத்தில் நிற்கும். முன்னும் பின்னும் உருளாது. சிறுவர்களின் 20 அங்குலச் சக்கரமும் அதே இடைவெளியில் தரையைத் தொட்டபடி கச்சிதமாக உட்காரும். பெரும்பாலான வீடுகளில் பெரியவர் சைக்கிளும் பிள்ளை சைக்கிளும் சேர்ந்தே இருப்பதால் 9 என்ற அளவை மாற்ற வேண்டாம் என்பேன்.

மேல்பிடிக்கு ஒவ்வொரு சைக்கிளுக்கும் இரண்டு செங்குத்துக் கால்கள். உயரம் 27 அங்குலம். சக்கரத்தின் அச்சு வரும் இடத்திலிருந்து 9 அங்குலம் முன்னே தள்ளி இவற்றை நிறுத்த வேண்டும். இந்தத் தூரம் முக்கியம். அச்சை ஒட்டி நிறுத்தினால் பிரேக் தட்டில் முட்டும். 9 அங்குலம் தள்ளினால் டயர், ரிம், ஸ்போக்ஸ் மட்டுமே கால்களுக்கு நடுவே வரும். இரண்டு கால்களுக்கும் இடையே இரண்டே முக்கால் அங்குலம் விட்டால் மலைப்பாதை சைக்கிளின் தடித்த டயரும் நுழையும். ஒல்லி டயர் ஆடுகிறதா? கிழிந்த டியூபை நாடாவாக வெட்டிக் கால்களில் சுற்றுங்கள், ஆட்டமும் நிற்கும், ரிம்மில் கீறலும் விழாது.

மூன்று சைக்கிளுக்கு நாலரை அடி அகலம் போதும். ஹேண்டில்பார் இரண்டு அடிக்கு மேல் இருக்கிறதே, எப்படிப் போதும் என்று கேட்பீர்கள். ஒன்றை முன்சக்கரமாக விட்டால் அடுத்ததைப் பின்சக்கரமாக விட வேண்டும். ஹேண்டில்கள் மோதாது, ஒன்றரை அடிக்கு ஒன்று தாராளமாக நிற்கும்.

பொருள் என்ன? எனக்குப் பிடித்தது ஒரு அங்குல இரும்பு ஸ்கொயர் பைப். அடிச்சட்டம் இரண்டு, கால்கள் நிற்கும் சட்டம் ஒன்று, கால்களின் தலையை இணைக்கும் சட்டம் ஒன்று, ஆறு கால்கள், இரு ஓரத்திலும் ஒன்றேகால் அடித் துண்டுகள். எல்லாம் கூட்டினால் 35 அடிக்குள் முடியும், அதாவது 20 அடி பைப் இரண்டு. பட்டறையில் இந்த அளவுகளைத் தாளில் வரைந்து கொடுத்துவிடுங்கள். வாயால் சொன்னால் அவர் வழக்கமாகச் செய்யும் குட்டை ஸ்டாண்டுதான் வந்து சேரும். துரு பிடிக்காதே என்று ஜிஐ பைப் கேட்க வேண்டாம். அதன் துத்தநாகப் பூச்சு வெல்டிங் சூட்டில் புகையாகும், பற்றவைப்பவருக்குக் காய்ச்சலே வரும். சாதா இரும்பில் துரு தடுக்கும் ரெட் ஆக்சைடு அடித்து மேலே எனாமல் பூசினால் போதும். டைல்ஸ் தரையாக இருந்தால் அடியில் ரப்பர் துண்டு ஒட்டுங்கள்.

வெல்டிங் வசதி இல்லாதவர்கள் 2க்கு 1 அங்குல ரீப்பர் கட்டையில் ஸ்க்ரூ போட்டுச் செய்யலாம். துளை போட்டுவிட்டு ஸ்க்ரூவை முடுக்குங்கள், இல்லையென்றால் ஓரத்தில் கட்டை பிளக்கும். பிவிசி பைப்பும் எல்போ, டீ இணைப்புகளும் வைத்துச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சுலபம்தான், ஆனால் கால்கள் வளைந்து கொடுக்கும், வெயில் படும் இடத்தில் சில வருடங்களில் நொறுங்கத் தொடங்கும். வீட்டுக்குள் ஒரே ஒரு லேசான சைக்கிளுக்கு என்றால் சரி.

எங்கே வைப்பது என்பதில் குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் சண்டை வருவதுண்டு. மாடிப்படிக்கு அடியில், வழியை மறிக்காத இடம் இருந்தால் அது நல்லது. படிக்கட்டின் திருப்பத்தில் மட்டும் வேண்டாம். தீ விபத்து என்றால் எல்லாரும் ஓடி வருவது அந்த வழியாகத்தான். இன்னொன்று, பூட்டு. ஸ்டாண்டோடு சேர்த்துப் பூட்டினாலும் ஸ்டாண்டையே தூக்கிப்போக முடியும். பொது இடத்தில் வைப்பதாக இருந்தால் அடிச்சட்டத்தைத் தரையோடு போல்ட் போட்டுவிடுங்கள். சங்கத்தின் அனுமதியை முன்பே வாங்கிவிட்டால் நல்லது.

அரசு தரும் விலையில்லா சைக்கிள்களைப் பிள்ளைகள் பள்ளி மைதானத்தில் வெயிலில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து வைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இது: பக்கத்து ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படிக்கும் மாணவர்களுக்குப் பயிற்சி வேலையாக இந்த ஸ்டாண்டையே கொடுக்கலாமே. அந்த சைக்கிள்களில் மட்கார்டு உண்டு என்பதால் கால்களின் இடைவெளியை 3 அங்குலமாக்க வேண்டும்.

கடிதம் நீண்டுவிட்டது. இடம் பற்றாவிட்டால் என் புலம்பலை வெட்டிவிட்டு அளவுகளை மட்டும் போடுங்கள். ஓவியரிடம் சொல்லிப் பக்கவாட்டுத் தோற்றம் ஒன்று வரையச் சொன்னால் பட்டறைக்குக் கத்தரித்து எடுத்துப்போக வாசகர்களுக்கு வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர்,
திருச்சி.