முந்திக்கொண்டு அடித்திருந்தால்?

அன்புள்ள மூர்த்தி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய படத்தை வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். இங்கே எல்லோரும் சுகம். என் முட்டிவலி மட்டும் போக மாட்டேன் என்கிறது.

சரி, உன் வாதத்துக்கு வருகிறேன். 1933-லேயே போலந்து ஜெர்மனி மேல் பாய்ந்திருந்தால் ஹிட்லர் கதை அன்றே முடிந்திருக்கும் என்கிறாய். படைக் கணக்கு உன் பக்கம்தான். முதல் உலகப் போரில் தோற்றதும் போட்ட வெர்சாய் ஒப்பந்தப்படி ஜெர்மனிக்கு ஒரு லட்சம் வீரர்கள்தான். டாங்கி, போர் விமானம் எதுவும் கூடாது. போலந்துத் தலைவர் பில்சுத்ஸ்கிக்குத் துணிச்சலும் இருந்தது. டான்சிக் துறைமுகத்தில் போலந்துக்கு இருந்த வெஸ்டர்பிளாட்டே ஆயுதக் கிடங்கைக் காக்க 88 வீரர்களுக்குத்தான் அனுமதி. ஹிட்லர் பதவியேற்ற ஐந்தாவது வாரம், மார்ச் 6 அன்று, மனுஷன் இன்னும் நூற்றுச் சொச்சம் பேரைக் கப்பலில் கொண்டுபோய் இறக்கினார். ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தில் எதிர்ப்புக் கிளம்பியதும் பத்தே நாளில் திருப்பி அழைத்துக்கொண்டார். ஆழம் பார்த்திருக்கிறார். 'சேர்ந்து அடிப்போமா' என்று பிரான்ஸிடம் ரகசியமாகக் கேட்டாரா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை.

கேட்டிருந்தாலும் பிரான்ஸ் அசைந்திருக்காது. 1923-ல் பெல்ஜியத்தோடு சேர்ந்து ஜெர்மனியின் ரூர் சுரங்கப் பகுதிக்குள் படையோடு புகுந்து சூடுபட்டவர்கள் அவர்கள். எதிர்த்துச் சுட அங்கே ராணுவம் இல்லை. ஆனால் சுரங்கத்தில் வேலை நின்றது, ரயில்காரர்கள் வண்டியை எடுக்க மறுத்தார்கள். வேலைக்குப் போகாதவர்களுக்குக் கூலி கொடுக்க பெர்லின் நோட்டு அடித்துத் தள்ளியதில், நவம்பரில் ஒரு டாலருக்கு நாலு லட்சம் கோடி மார்க்! அதே மாதம்தான் ஹிட்லர் மியூனிக்கில் கலகத்துக்குக் கிளம்பினான். அந்தப் படையெடுப்பில் லாபம் யாருக்கு, நீயே சொல்.

1933-ல் அவன் செய்யப்போகும் கொலைகள் யாருக்குத் தெரியும்? உலகத்தின் கண்ணில் போலந்துதான் வம்புக்காரனாகத் தெரிந்திருக்கும், அவன் தியாகியாகியிருப்பான். அப்புறம் பெர்லினில் யாரை உட்கார வைப்பாய்? எதிரி வைத்த ஆள் என்ற பெயரோடு எவன் தாக்குப்பிடிப்பான்?

1934 ஜனவரியில் பில்சுத்ஸ்கி ஜெர்மனியோடு 'ஒருவரையொருவர் தாக்க மாட்டோம்' என்று பத்தாண்டு ஒப்பந்தம் போட்டதைக் கோழைத்தனம் என்கிறாய். எனக்கு அப்படிப் படவில்லை. துணைக்கு ஆள் இல்லாதவர் வேறென்ன செய்வார்?

உன் கதையை 1936 மார்ச்சுக்கு நகர்த்திப் பாரேன். ஜெர்மனி படை வைக்கக் கூடாத ரைன்லாந்து எல்லைப் பகுதிக்குள் படை அனுப்பி வெர்சாய் ஒப்பந்தத்தை மீறியது ஹிட்லர். அடிக்க நியாயமும் இருந்தது, பிரான்ஸிடம் பலமும் இருந்தது. என்ன, பில்சுத்ஸ்கி முந்தைய வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார். வார்சாவில் யாரை வைத்து நகர்த்தப் போகிறாய் என்று எழுது.

அன்புடன்,
ராகவன்