சகுராவை விடமாட்டேன்

அன்புள்ள மீனாவுக்கு,

வீடு மாற்றியது, அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் என்று இங்கே ஒன்றன்பின் ஒன்றாக வேலை வந்துகொண்டே இருந்தது. அம்மா இப்போது நன்றாக இருக்கிறாள், சீரியலில் மாமியார் கட்டியிருக்கும் புடவையின் கரை வரைக்கும் தெரிகிறதாம், அதில் வேறு விமர்சனம். சரி, உன் கடிதத்துக்கு வருகிறேன். கவின் நருட்டோ என்கிற ஜப்பான் நிஞ்ஜா கார்ட்டூன் பார்க்கிறான், அதில் கதாநாயகன் நருட்டோவின் அணியில் இருக்கும் பெண்ணைப் பற்றி "சகுரா சுத்த வேஸ்ட்" என்கிறான், நீயே அவனோடு சண்டை போடு என்று எழுதியிருந்தாய். போடுகிறேன்!

அவன் மட்டுமில்லை, நருட்டோ பார்ப்பவர்களில் நிறையப் பேர் பாடும் பாட்டு இது. அழுகிறாள், அணித்தோழன் சாசுகே பின்னாலேயே சுற்றுகிறாள், சண்டையில் ஒன்றும் கிழிப்பதில்லை. முதல் பாகத்தை வைத்துச் சொன்னால் நான் பெரிதாக மறுக்கமாட்டேன். ஆனால் இரண்டாம் பாகமான ஷிப்புடென் ஆரம்பத்தில் சசோரி என்ற வில்லனோடு வரும் சண்டை? மணல் கிராமத்தில் யாராலும் முடியாதபோது அவன் விஷத்தால் சாகக் கிடந்த கான்குரோ என்ற நிஞ்ஜாவின் உடம்பிலிருந்து விஷத்தை எடுத்து, அதற்கு முறிமருந்தும் தயாரிக்கிறாள். மூன்று நிமிடம்தான் தாங்கும் மருந்து அது. அதை நம்பிச் சண்டைக்குப் போய், கூட நின்று சண்டை போடும் சியோ பாட்டி மேல் பாயவேண்டிய விஷ வாளைத் தன் உடம்பில் வாங்கிக்கொள்கிறாள். இதைச் சொன்னால் உடனே "ஜெயித்தது பாட்டிதானே" என்பார்கள். நருட்டோவுக்கு உள்ளே உட்கார்ந்து பலம் கொடுக்கும் ஒன்பதுவால் நரியின் கணக்கை யாராவது இப்படிக் கழிக்கிறார்களா?

எனக்கு உண்மையிலேயே எரிச்சல் வருவது இரும்பு நாட்டுக் கட்டத்தில்தான். ஊரைவிட்டு ஓடிக் குற்றவாளியாகிவிட்ட சாசுகேவை விட்டுவிடுங்கள் என்று நருட்டோ பனியில் மண்டியிட்டு, மேகக் கிராமத் தலைவர் ரைக்காகேயிடம் கெஞ்சுகிறான், அப்புறம் மூச்சுத் திணறிக் கீழேயே விழுகிறான். அதற்குப் பெயர் நட்பு, விடாமுயற்சி, என்னென்னவோ. அதே சமயத்தில் சகுரா என்ன செய்கிறாள்? கூட வந்தவர்களை மயக்கிப் படுக்கவைத்துவிட்டு, விஷம் தடவிய குனாய் என்ற குறுங்கத்தியோடு சாசுகேவைத் தானே கொன்றுவிடுவது என்று தனியாகப் போகிறாள். அவன் முதுகுக்குப் பின்னால் போய்க் கத்தியை ஓங்கியும்விட்டாள், குத்த மனம் வரவில்லை. பழகிய ஒருத்தனைக் குத்த எந்த மனுஷிக்குத்தான் கை வரும்? இது மட்டும் பைத்தியக்காரத்தனமாம். ஒருத்தனையே நினைத்து வருஷக்கணக்காக இரண்டு பேரும் ஓடுகிறார்கள், ஒருவனுக்குக் கைதட்டல், ஒருத்திக்குக் கேலி.

இதில் கதையை எழுதிய கிஷிமோட்டோவுக்கும் பங்கு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. சசோரிக்குப் பிறகு அப்படி ஒரு முழுச் சண்டையை அவளுக்கு அவர் கொடுக்கவே இல்லையே. எழுதியவர் செய்த கஞ்சத்தனத்துக்குத் திட்டு வாங்குவது அவள்.

அப்படியென்றால் நிறையச் சண்டை கொடுத்தால் சரியாகிவிடுமா? அதுவும் இல்லை. மிகாசாவைப் பார். அட்டாக் ஆன் டைட்டன் என்கிற இன்னொரு ஜப்பான் கதையில் அவள் திறமையை யாரும் சந்தேகப்பட முடியாது, முதல் வரிசை வீராங்கனை. கூடவே வளர்ந்த கதாநாயகன் எரெனை வைத்து அவளுக்கு என்ன குறை சொன்னார்கள்? "எரெனை விட்டால் அவளுக்கு வேறு நினைப்பே இல்லை." சரி, கடைசியில் உலகத்தையே அழிக்கக் கிளம்பிய அந்த எரெனின் தலையை வெட்டுகிறவளே அவள்தான், உலகமே தயங்கி நிற்கும்போது. அப்போதாவது வாயை மூடினார்களா என்றால் இல்லை. 2021-இல் வந்த காமிக்ஸின் 34-ஆம் தொகுதியில் சில பக்கங்கள் கூடுதலாக வந்தன, அதில் மரத்தடியில் இருக்கும் எரெனின் கல்லறைக்குக் குடும்பத்தோடு ஒரு பெண் வருகிறாள், பிறகு ஒரு மூதாட்டி சவப்பெட்டியில், சின்ன வயதில் எரென் மிகாசாவுக்குச் சுற்றிவிட்ட கழுத்துத் துணியோடு கிடக்கிறாள். வேறு கல்யாணம் செய்துகொண்டாளா, எரெனுக்குத் துரோகமா என்று ஒரு கூட்டம். சாகும்வரை அந்தத் துணியைக் கழற்றவில்லையே, இவள் என்றைக்குத் திருந்துவாள் என்று இன்னொரு கூட்டம். அவள் எந்தப் பக்கம் திரும்பினாலும் அடி.

நீ கேட்பாய், ஆணைச் சுற்றி வரும் எந்தப் பெண்ணையும் ரசிகர்கள் ஏற்பதில்லையா என்று. ஏற்கிறார்கள், ரிசா ஹாக்ஐயை. ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட் என்கிற ஜப்பான் காமிக்ஸில் அவள் வாழ்க்கையே மேலதிகாரி மஸ்டாங்கின் முதுகைக் காப்பதுதான். அவன் செத்துவிட்டான் என்று வில்லி லஸ்ட் சொன்னதும் குண்டு தீரும்வரை சுட்டுத் தள்ளிவிட்டு, அப்படியே உட்கார்ந்து அழுகிறாள். யாரும் வேஸ்ட் என்றதில்லை. ஏனென்றால் அதை எழுதிய ஹிரோமு அரகாவா அவளை அங்கேயே விட்டுவிடவில்லை, அழுது முடித்த பிறகும் அவளுக்கு வேலை வைத்திருந்தார். தன் நண்பனைக் கொன்ற என்வியைப் பழிவெறியோடு எரித்துக்கொண்டிருக்கும் மஸ்டாங்கின் பின்மண்டையில் துப்பாக்கியை வைக்கிறாளே, அதைச் சொல்கிறேன். என்னைச் சுட்டுவிட்டு நீ என்ன செய்வாய் என்று அவன் கேட்க, நானும் இருக்கமாட்டேன் என்கிற மாதிரி பதில் சொல்கிறாள், கை நடுங்குகிறது. அன்பு குறையவில்லை, ஆனால் அவன் தப்பான பக்கம் சாய்ந்தால் நிறுத்துகிற வேலை அவள் கையில். சகுராவுக்கும் இதே நிலைமைதான் வந்தது, ஆனால் அவளுக்குக் கிடைத்தது பாதிக் காட்சி. அவள் கையிலிருந்த குனாயைச் சாசுகே பிடுங்கிக்கொள்ள, நருட்டோ வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான், அவ்வளவுதான்.

கவினிடம் இதையெல்லாம் பிரசங்கமாகச் சொல்லாதே, பிள்ளை ஓடிவிடுவான். சகுராவுக்கு வைக்கிற மதிப்பெண் தாளை நருட்டோவுக்கும் வைத்தால் அவனுக்கு எத்தனை கிடைக்கும் என்று மட்டும் கேள், என்ன சொல்கிறான் என்று எனக்கு எழுது. ஃபுல்மெட்டல் 27 தொகுதியும் என்னிடம் இருக்கிறது. பொங்கலுக்கு வரும்போது முதல் ஐந்தை எடுத்து வருகிறேன், சாப்பிட்ட கையோடு தொடக்கூடாது என்று இப்போதே சொல்லிவை. உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அன்புடன்,
கலா